திருப்பத்துக்கு அப்பால் வருவது யார்?

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரின் கண், ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் இருக்கிறது. மருத்துவமனை வராண்டாவின் பாதி ஆபத்து இதில்தான் அடங்கியிருக்கிறது. ஸ்ட்ரெச்சரின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். தள்ளுகிறவர் கை நீட்டி நிற்கும் தூரம் இன்னும் அரை மீட்டர். ஆக, வண்டியின் முன்விளிம்பு சுவர் மூலையைத் தாண்டி இரண்டரை மீட்டர் போன பிறகுதான் அவருடைய கண் அந்த மூலைக்கே வந்து சேரும். சாதாரண நடைவேகத்தில் இது 2 நொடி. அந்த 2 நொடியும் படுத்திருக்கும் நோயாளியின் பாதங்கள் குறுக்குப் பாதையில் நீட்டிக்கொண்டு போகின்றன. எதிர்ப்பக்கம் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வருகிறவருக்கும் அது தெரியாது, மாத்திரைத் தட்டோடு வரும் நர்ஸுக்கும் தெரியாது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம் பக்கத்து ஆட்களுக்கு அந்த வளைவுகளைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கும், இரவானால் விளக்கை ஏற்றி இறக்கிக் காட்டும். டிரைவர் உட்கார்ந்திருப்பதும் வண்டியின் முன்பாதியில். ஆஸ்பத்திரியில் இந்த மூன்று வசதியும் கிடையாது. அங்கே சத்தம் போடக் கூடாது, விளக்கு காட்ட வழியில்லை, ஓட்டுகிறவர் கடைசியில் நிற்கிறார்.

இந்த அடிவாரத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் போடி அரசு மருத்துவமனை. அங்கே முடியாததற்கு க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தபோது, மலையேற வந்து தீயில் சிக்கியவர்களை டோலி கட்டி இறக்கி, போடிக்கும் தேனிக்கும் மதுரைக்கும் கொண்டுபோனார்கள். அப்படியொரு இரவு எந்த ஊர் மருத்துவமனைக்கும் வரலாம். அன்றைக்கு வராண்டாவில் யாரும் மெதுவாக நடக்க மாட்டார்கள். ஒவ்வொரு மூலையிலும் அப்பால் வருவது யார் என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

அதற்கு மின்சாரமோ சென்சாரோ தேவையில்லை, மேலே ஒரு குவி ஆடி போதும். அதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. ஒளி எந்தப் பாதையில் போகிறதோ அதே பாதையில் திரும்பியும் வரும். அதனால் உங்களுக்கு அவர் முகம் தெரிந்தால் அவருக்கும் உங்கள் முகம் தெரியும். ஒரே கண்ணாடி ஒரே கணத்தில் இரண்டு பேரையும் எச்சரிக்கிறது.

ஆனால் எந்தக் கண்ணாடி? பெரும்பாலும் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது வளைவு.

4 மீட்டர் தள்ளி நின்று, 60 செ.மீ. அகலமுள்ள சமதளக் கண்ணாடியைப் பாருங்கள். அதற்குள் தெரியும் காட்சியின் அகலம் 9 பாகைக்கும் குறைவு. அதே 60 செ.மீ. விட்டத்தில், நடுவில் ஏழரை செ.மீ. புடைத்திருக்கும் குவி ஆடியை மாட்டினால் காட்சி 120 பாகைக்கு விரிகிறது. காரணம் எளிது: பரப்பு ஒரு பாகை சாய்ந்தால், அங்கே பட்டுத் தெறிக்கும் ஒளி இரண்டு பாகை திரும்பும். இந்தக் கண்ணாடியின் விளிம்பில் பரப்பு 28 பாகை சாய்ந்திருக்கிறது. எனவே இடப்புறம் 56 பாகை, வலப்புறம் 56 பாகை, அதோடு கண்ணாடியே கண்ணுக்குக் காட்டும் 9 பாகை.

இந்த விரிவுக்குக் கண்ணாடி ஒரு விலை வாங்குகிறது. மேலே சொன்ன ஆடியின் வளைவு ஆரம் ஏறக்குறைய 64 செ.மீ., குவியத் தொலைவு அதில் பாதி, 32 செ.மீ. எதிரில் நிற்பது 6 மீட்டரில் இருந்தாலும் 60 மீட்டரில் இருந்தாலும் அதன் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அந்த 32 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நீண்ட வராண்டா முழுவதும் ஒரு சாண் சொச்சத்துக்குள் நெருக்கி வைக்கப்படுகிறது. தூரம் எவ்வளவு என்று கணிக்கக் கண்ணுக்கு அங்கே பிடிமானமே இல்லை.

160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் கண்ணாடியிலிருந்து 6 மீட்டரில் வரும்போது அவருடைய பிம்பம் 8 செ.மீ.தான். 3 மீட்டருக்கு நெருங்கினால் 15 செ.மீ. ஒரு மீட்டருக்கு வந்தால் 39 செ.மீ. முதல் 3 மீட்டர் நடையில் 7 செ.மீ. மட்டும் வளர்ந்த உருவம், அடுத்த 2 மீட்டரில் திடீரென்று 24 செ.மீ. வளர்கிறது. பிம்பம் பெரிதாகத் தெரியட்டும், அப்புறம் நிற்கலாம் என்று காத்திருப்பவர் தாமதமாகத்தான் நிற்பார். ஆகவே ஊழியர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றே: கண்ணாடியில் ஏதாவது அசைந்தால் நில்லுங்கள், தூரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

கார்களுக்கு இந்த ஆபத்தை உணர்ந்து அமெரிக்க விதி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பயணி பக்கத்துக் குவி ஆடியின் ஆரம் 889 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 1,651 மி.மீ.க்கு மிகக் கூடாது. தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் இருக்கின்றன என்ற எச்சரிக்கையையும் கண்ணாடியிலேயே பொறிக்க வேண்டும். நம் வராண்டாவின் 64 செ.மீ. ஆடி அந்த வரம்பைவிட அதிகம் வளைந்தது. நடைவேகத்தில் நகரும் இடம் என்பதால்தான் அது இங்கே ஒப்புக்கொள்ளத்தக்கதாகிறது. மலைச் சாலையில் வேகமாக வரும் பேருந்துக்கு இதே கண்ணாடியை நம்பக் கூடாது.

கூரையில் தொங்கும் முழு அரைக்கோளம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். நான்கு பக்கமும் தெரிகிறது என்று விற்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் 60 செ.மீ. அரைக்கோளத்தின் ஆரம் 30 செ.மீ.தான். 6 மீட்டரில் வருகிறவர் அதில் 4 செ.மீ.க்குச் சுருங்கிவிடுவார். 4 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு அவர் பௌர்ணமி நிலாவின் அகலத்தளவு உயரம்தான். நல்ல பார்வை உள்ளவருக்குத் தெரியும். இரவு ஷிப்டின் கடைசி மணி நேரத்தில், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு, நோயாளியின் டிரிப்ஸையும் கவனிக்கிறவருக்குத் தெரியுமா? நான்கு வழி கூடும் சந்திப்பில், எல்லோரும் 3 மீட்டருக்குள் நெருங்கி நின்று பார்க்கும் இடத்தில், அரைக்கோளம் சரி. ஒரே ஒரு திருப்பம் என்றால் அது வீண். அங்கே வளைவு குறைந்த வட்டக் கண்ணாடியே மேல்.

எங்கே மாட்டுவது என்பது ஆயிரம் ஆண்டுக் கேள்வி. பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் ஒளியியல் பற்றி எழுதிய பெருநூலில் இதை ஆராய்ந்தார்: ஒரு பொருள், ஒரு கண், ஒரு கோள ஆடி. ஆடியின் எந்தப் புள்ளியில் பட்டு ஒளி கண்ணுக்கு வரும்? கேட்க எளிது, விடையோ நான்காம் படிச் சமன்பாட்டில் போய் முடிகிறது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு அந்தப் புள்ளியைப் பொதுவாகக் குறிக்கவே முடியாது என்று ஆக்ஸ்போர்டு கணிதவியலர் பீட்டர் நியூமன் 1997-இல் நிறுவினார். வராண்டாவிலோ பொருளும் நகர்கிறது, கண்ணும் நகர்கிறது. அதனால் வரைபடத்தில் புள்ளி வைத்துத் துளை போடாதீர்கள். ஒருவர் ஏணியில் ஏறிக் கண்ணாடியைப் பிடிக்கட்டும், ஒருவர் ஸ்ட்ரெச்சர் தள்ளி வரட்டும், இன்னொருவர் மறுபக்கத்திலிருந்து சக்கர நாற்காலியில் வரட்டும். நாற்காலியில் இருப்பவர் தலை கண்ணாடியில் தெரிகிற சாய்வு கிடைத்த பிறகு திருகாணி முடுக்கலாம். டிரிப்ஸ் கம்பி இடிக்காத உயரமா என்றும் அப்போதே தெரிந்துவிடும். குழல்விளக்கின் பளபளப்பு பாதையின் மேல் விழுகிறதா என்பதை இரவிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். பிரசவ வார்டின் கட்டில்கள் கண்ணாடியில் தெரியுமானால் அந்த இடமே தவறு.

பொருளிலும் கவனம் வேண்டும். கண்ணாடிச் சில்லு நோயாளியின் மேல் விழக் கூடாது என்பதால் அக்ரிலிக்கோ பாலிகார்பனேட்டோ நல்லது. மனநலப் பிரிவில் உடைக்க முடியாத பாலிகார்பனேட், கயிறு மாட்ட இடுக்கு விடாமல் சுவரோடு ஒட்டிய சட்டம். எம்.ஆர்.ஐ. அறைப் பக்கம் இரும்புச் சட்டம் கூடவே கூடாது. மருத்துவமனையில் எல்லாவற்றையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கும் பழக்கம் இருக்கிறது. அக்ரிலிக்கை அப்படித் துடைத்தால் நுண்விரிசல் ஓடி நாளடைவில் மங்கிவிடும். பாலிகார்பனேட்டுக்கு அம்மோனியா கலந்த கிளீனர் ஆகாது. மென்மையான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். துப்புரவுப் பணியாளரிடம் இதைக் கண்ணாடி மாட்டும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

மூலையில் நாற்காலிகளையும் காலிச் சிலிண்டர்களையும் அடுக்கி வைத்துவிட்டு மேலே கண்ணாடி மாட்டுவதில் பயன் இல்லை. முதலில் மூலையைக் காலி செய்யுங்கள்.

கண்ணாடி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பவரிடம் வளைவு ஆரத்தைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் நீங்களே அளக்கலாம். கண்ணாடியை மேஜையில் மல்லாத்தி வைத்து, நடுவில் எவ்வளவு புடைத்திருக்கிறது என்று பாருங்கள். விட்டத்தில் பாதியின் வர்க்கத்தோடு புடைப்பின் வர்க்கத்தைக் கூட்டி, புடைப்பின் இரு மடங்கால் வகுத்தால் ஆரம் வந்துவிடும். 60 செ.மீ. கண்ணாடிக்கு அது 60 செ.மீ.க்குக் கீழே வந்தால், நீண்ட வராண்டாவின் திருப்பத்துக்கு அதை வாங்காதீர்கள்.