கதை தரும் சொற்செல்வம்

ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசவும் எழுதவும் வேண்டும் என்ற ஆவல் மாணவியராகிய நம் அனைவருக்கும் உண்டு. இலக்கணம் ஓரளவு கைவந்தாலும், தக்க நேரத்தில் தக்க சொல் வருவதில்லை. இதற்காக அகராதிச் சொற்களை உருப்போடுவோர் பலர். தேர்வு முடிந்ததும் அவை மறந்துபோகின்றன. கதையில் கண்ட சொல்லோ மனத்தில் நிலைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் 'தி லாஸ்ட் லீஃப்' என்ற சிறுகதை, 1907இல் வெளிவந்த தொகுதியில் உள்ளது. நிமோனியாவால் படுத்திருக்கும் இளம்பெண் ஒருத்தி, சன்னலுக்கு வெளியே தெரியும் கொடியின் கடைசி இலை உதிர்ந்ததும் தானும் இறந்துவிடுவதாக நம்புகிறாள். கீழ்த்தளத்தில் ஒரு முதிய ஓவியர் வசிக்கிறார். 'மாஸ்டர்பீஸ்' ஒன்றை வரையப் போவதாகப் பல்லாண்டுகளாகச் சொல்பவர், தொடங்கியதோ இல்லை! ஒருநாள் இரவு, மழையில் நனைந்தபடி சுவரில் ஓர் இலையைத் தீட்டுகிறார். அவள் பிழைக்கிறாள், அவர் இறக்கிறார். அந்த இலையே அவரது மாஸ்டர்பீஸ்! அகராதி இச்சொல்லுக்குத் 'தலைசிறந்த படைப்பு' என்று பொருள் தரும். முதலில் நகைப்பூட்டிய அதே சொல் முடிவில் கண்ணீரை வரவழைப்பதைக் கதைதான் காட்டும்.

மேலும், சொற்கள் தனித்து வாழ்வதில்லை. பெருமழையை ஆங்கிலத்தில் 'ஹெவி ரெயின்' என்பர். 'ஸ்ட்ராங் ரெயின்' என்னார். எச்சொல்லோடு எச்சொல் சேரும் என்பது படிக்கப் படிக்கத்தான் புலப்படும்.

எத்தகைய நூலைத் தேர்ந்தெடுப்பது? நூறு சொற்களில் ஏறத்தாழ இரண்டு மட்டுமே புதியனவாக இருந்தால் பிறர் உதவியின்றிப் படிக்கலாம் என்பர் ஆய்வாளர். டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலேயர் மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களின் பாடநூல்களில் அரிய சொற்கள் மலிந்திருப்பதைக் கண்டு, பழகிய சொற்களாலான எளிய வாசிப்பு நூல்களை உருவாக்கினார். 1953இல் சுமார் 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைச் சிறுவருக்காகச் சார்லஸ் லாமும் அவர் தமக்கை மேரியும் 1807இலேயே கதைகளாக்கித் தந்தனர். ஆயினும் அதன் நடை சற்றுப் பழமையானது. எளிய நூல்களுக்குப் பின்னர் அதனைப் படிக்கலாம்.

படிக்கும் முறையும் முக்கியம். முதல்முறை நிறுத்தாமல் கதையைப் படியுங்கள். புதிய சொல்லின் பொருளை முன்பின் வரிகளைக் கொண்டு ஊகியுங்கள். மறுமுறை படிக்கையில் அகராதியைப் பார்த்துச் சரியா என்று அறியுங்கள். பின்னர் அச்சொல்லை அது வந்த வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுதி, சொந்த வாக்கியம் ஒன்றும் அமையுங்கள். ஒரு கதைக்கு ஐந்து சொற்கள் போதும்.

கதைப்புத்தகம் படிப்பது காலத்தை வீணாக்குவது எனப் பெற்றோர் எண்ண வேண்டா. ஆங்கிலம் பேசுவோர் இல்லாத வீட்டில், அம்மொழியில் நம்மோடு உரையாடும் துணை அப்புத்தகமே. தோழியரே, நூலகத்தின் கதவு திறந்தே இருக்கிறது. வாரம் ஒரு கதை படிப்போம், சொல்வளம் பெறுவோம்!