பழைய வண்டியின் வயதறிந்து பாகம் வாங்குவோம்

துவரம் பருப்பு வேண்டுமென்று மொத்தக் கடைக்கு ஆர்டர் கொடுக்கும்போது 'பருப்பு ஒரு மூட்டை' என்று மட்டும் எழுதி அனுப்புவோமா? என்ன ரகம், எந்த மில், எத்தனை கிலோ சிப்பம் என்று எல்லாவற்றையும் குறிப்பிடுகிறோம். அப்படிக் குறிப்பிடாமல் வந்த சரக்கைத் திருப்பி அனுப்பவும் முடிவதில்லை. ஆனால் கடையில் நிற்கும் பழைய வண்டிக்கு உதிரி பாகம் வாங்கும்போது மட்டும் 'புல்லட்டுக்கு ஒரு பிஸ்டன் செட்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். பார்சல் வந்து பிரித்துப் பார்த்தால் பொருந்துவதில்லை. பாகத்தின் விலை, பார்சல் கூலி, வண்டி நின்ற நாட்களில் வாடகை ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் ஆகிய மூன்றும் நஷ்டக் கணக்கில் ஏறுகின்றன.

கடத்தூர், பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி, மொரப்பூர் பகுதிகளில் தந்தையார் காலத்துப் புல்லட்டையும், டி.வி.எஸ். மொபெட்டையும் இன்னும் கைவிடாமல் வைத்திருக்கும் வியாபாரிகள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்குப் பயன்படும் வகையில் வண்டியின் தயாரிப்பு ஆண்டைக் கண்டறியும் முறையை இங்கே விளக்குகிறோம்.

பெயர் ஒன்று, எஞ்சின் வேறு

புல்லட் என்ற பெயரை இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932-ல் சூட்டியது. 1955-ல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டப்பட்டன. பின்னர் படிப்படியாக எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. இங்கிலாந்துத் தொழிற்சாலைகள் 1970-க்குள் மூடப்பட்டுவிட்டன. திருவொற்றியூர் வண்டியோ அதே பழைய அமைப்பில் பல பத்தாண்டுகள் ஓடியது. 1994-ல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் வசமாகி, ராயல் என்ஃபீல்டு மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. ஆகவே எஞ்சின் மூடியிலோ டேங்கிலோ 'என்ஃபீல்டு' என்று இருப்பதும் 'ராயல் என்ஃபீல்டு' என்று இருப்பதும் காலத்தைக் காட்டும் ஒரு சிறு அடையாளம். ஆனால் டேங்கை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதும் எளிது என்பதால் இதை மட்டும் நம்பி ஆர்டர் கொடுக்கக் கூடாது.

இந்த நீண்ட காலத்தில் 'புல்லட் 350' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு எஞ்சின்கள் வந்துள்ளன. முதலாவது வார்ப்பிரும்பு எஞ்சின், அதாவது மெக்கானிக்குகள் 'காஸ்ட் அயர்ன்' என்று சொல்வது. 2000-ஐ ஒட்டி ஏ.வி.எல். எனப்படும் அலுமினிய எஞ்சின் சில மாடல்களில் வந்தது. 2009-10 வாக்கில் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த யு.சி.இ. எஞ்சின் வந்தது. 2023 செப்டம்பரில் புல்லட் 350 'ஜே' வரிசை எஞ்சினுக்கு மாறியது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. காஸ்ட் அயர்ன் எஞ்சினிலும் யு.சி.இ. எஞ்சினிலும் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. அளவு ஒன்றாக இருப்பதால் பிஸ்டனும் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. வடிவமைப்பு வேறு. ஒன்றின் பிஸ்டன் மற்றொன்றுக்கு ஆகாது. 1989-ல் வந்த புல்லட் 500-க்கு விட்டமே 84 மில்லிமீட்டர்.

கண்ணால் பார்த்தே அறிபவை

ஆர்.சி. புத்தகம் கையில் இல்லாதபோதும் வண்டி எந்தக் காலத்தது என்று ஓரளவு கணிக்கலாம்.

கியர் லீவரைப் பாருங்கள். பழைய நான்கு கியர் புல்லட்டில் கியர் வலது காலுக்கும், பின் பிரேக் இடது காலுக்கும் இருக்கும். கியர் பாக்ஸில் நியூட்ரலுக்குக் கொண்டுவரத் தனியாக ஒரு சிறு லீவர் இருக்கும். இடது கால் கியரும் ஐந்து கியர் பாக்ஸும் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் வந்தவை. கிளட்ச், கியர் பாக்ஸ் பாகம் கேட்கும்போது இதை முதலில் சொல்ல வேண்டும்.

எஞ்சின் கூட்டைப் பாருங்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் தனித்தனிப் பெட்டிகளாகத் தெரிந்தால் யு.சி.இ.க்கு முந்தைய வண்டி. சிலிண்டர் பேரல் மீது ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு; ஒட்டாவிட்டால் அலுமினியம்.

மின்சாரத்தைப் பாருங்கள். பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது அதன் மீதே எழுதியிருக்கும். 6 வோல்ட் பல்பை 12 வோல்ட் வண்டியில் போட்டால் உடனே எரிந்து போகும். 12 வோல்ட் பல்பை 6 வோல்ட் வண்டியில் போட்டால் மினுக்கென்றுதான் எரியும். பிளாட்டின பாயின்டா, எலக்ட்ரானிக் இக்னிஷனா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. சொல்வதும் சொல்லாததும்

ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம், ஆண்டு என்று ஓர் இடமும், பதிவு செய்த தேதி என்று வேறோர் இடமும் உண்டு. பாகம் வாங்கத் தேவை தயாரிப்பு ஆண்டுதான். டிசம்பரில் தயாரான வண்டி அடுத்த ஆண்டில் விற்றுப் பதிவாகியிருக்கலாம். ராணுவத்தில் ஏலம் எடுத்த புல்லட்டுகளில் இந்த இடைவெளி பல ஆண்டுகளாகவே இருக்கும். பதிவுத் தேதியை வைத்துப் பாகம் கேட்டால் தவறான பாகம்தான் வரும்.

நம்பர் பிளேட்டும் ஓரளவு காலம் காட்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகே 'டி.என்.' என்று மாநில எழுத்தும், தருமபுரிக்கு 29 போன்ற மாவட்ட எண்ணும் வந்தன. அதற்கு முன் மூன்று எழுத்து வரிசை. ஆனால் வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்கே மறுபதிவான பழைய வண்டிக்கும் புது எண்தான் கிடைக்கும் என்பதை நினைவில் கொள்க.

சேஸிஸ் எண், எஞ்சின் எண்

உறுதியான சாட்சி இந்த இரண்டு எண்களே. புல்லட்டில் சேஸிஸ் எண் ஹேண்டில்பார் கழுத்துப் பகுதியிலும், எஞ்சின் எண் சிலிண்டர் அமரும் இடத்துக்குக் கீழே கிராங்க் கேஸிலும் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளலாம். உப்புத்தாள், அரம், கிரைண்டர் எதையும் எண் இருக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. எழுத்து தேய்ந்துவிட்டால் வண்டி எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். பெயர் மாற்றம், புதுப்பித்தல் எல்லாமே நின்றுபோகும்.

பிற்கால வண்டிகளில் சேஸிஸ் எண் 17 எழுத்துகள் கொண்டது. அதில் பத்தாவது எழுத்து பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும். 2001 முதல் 2009 வரை 1 முதல் 9 வரையிலான எண்கள். 2010-க்கு ஆங்கில 'ஏ', 2011-க்கு 'பி' என்று வரிசையாகச் செல்லும். 'ஐ', 'ஓ', 'க்யூ' ஆகிய எழுத்துகள் எண்களோடு குழம்பும் என்பதால் சேர்ப்பதில்லை. ஆகவே 2017-க்கு 'எச்', 2018-க்கு 'ஜே'. எல்லா நிறுவனமும் அதே இடத்தில்தான் போட்டன என்று சொல்ல முடியாது, ஆர்.சி.யிலுள்ள ஆண்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே மிக முக்கியமான ஒரு விஷயம். பழைய வண்டிகள் பலவற்றில் இடையில் எஞ்சின் மாற்றியிருப்பார்கள். சேஸிஸ் ஓர் ஆண்டு, எஞ்சின் வேறோர் ஆண்டு. எனவே பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட், கேஸ்கெட் ஆகியவற்றை எஞ்சின் எண்ணை வைத்துக் கேளுங்கள். ஃபோர்க், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு ஆகியவற்றை சேஸிஸ் எண்ணை வைத்துக் கேளுங்கள். சக்கரம், பிரேக், விளக்கு, கேபிள் ஆகியவற்றைக் கைக்குக் கை மாற்றியிருப்பார்கள். அவற்றுக்கு ஆண்டு உதவாது. பழைய பாகத்தையே மாதிரியாகக் கொடுத்து அளந்து வாங்குவதுதான் வழி. எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் பாகம் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைச் சரிசெய்துகொள்வதே நல்லது.

மொபெட்டுக்கும் இதே கணக்குதான்

நம் மளிகைக் கடைகளின் உண்மையான உழைப்பாளி டி.வி.எஸ். மொபெட். 1980-ல் ஒசூரில் டி.வி.எஸ். 50 தயாரானபோது ஒசூர் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோதுதான் அது அந்தப் பக்கம் போயிற்று. எக்ஸ்.எல். சூப்பர், ஹெவி டியூட்டி ஆகியவை இரண்டு ஸ்ட்ரோக், 70 சி.சி. வண்டிகள். 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டியா, எஞ்சினுக்குத் தனியே ஆயில் ஊற்றும் வண்டியா என்று பார்த்தாலே இரண்டும் பிரிந்துவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் எக்ஸ்.எல். 100-லும் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 'எக்ஸ்.எல். 100' என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் இன்றும் திருப்பிக் கேட்பார்.

மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. யமஹா ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பும் அதே ஆண்டில் நின்றது. இவற்றுக்குச் சந்தையில் போலிப் பாகங்கள் அதிகம். பிரேக், செயின், பேரிங் போன்ற உயிர் காக்கும் பாகங்களில் விலை குறைவு என்று ஏமாறக் கூடாது.

ஆர்டர் சீட்டில் எழுத வேண்டியவை

1. வண்டியின் பெயர், சி.சி., எஞ்சின் வகை.
2. தயாரிப்பு மாதம், ஆண்டு.
3. சேஸிஸ் எண், எஞ்சின் எண் முழுமையாக, முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளோடு.
4. கியர் எத்தனை, எந்தக் கால் பக்கம். 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா.
5. பாகத்தின் எண், பழைய பாகத்திலோ அட்டைப் பெட்டியிலோ இருந்தால்.
6. பிஸ்டன் என்றால் ஸ்டாண்டர்டா, ஓவர்சைஸா. லேத்தில் போர் செய்து அளந்த பிறகே ஆர்டர்.
7. பொருந்தாவிட்டால் எத்தனை நாளில் திருப்பி எடுப்பார் என்பது.

சென்னை புதுப்பேட்டையாக இருந்தாலும் சரி, பெங்களூர் ஜே.சி. ரோடாக இருந்தாலும் சரி, இந்தச் சீட்டைக் கொடுத்துப் பில்லோடு வாங்குங்கள். பில்லில் பாக எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். பாகத்தைப் பூட்டிப் பார்த்து உறுதி செய்யும்வரை அட்டைப் பெட்டியைக் கிழிக்க வேண்டாம்.

சட்டத்தையும் கவனிக்க

15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்தால் ஐந்தாண்டு செல்லும். 50 ஆண்டு கடந்து, சேஸிஸும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து சேரும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டவோ வியாபாரத்துக்குப் பயன்படுத்தவோ கூடாது. சந்தைக்கு வெற்றிலையும் கடைக்குச் சரக்கும் ஏற்றும் வண்டிக்கு அது சரிவராது. சாதாரணப் பதிவையே காலத்தில் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் சரக்கு இருப்புக்குப் பேரேடு வைத்திருக்கும் நாம் வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். இரண்டு எண்களையும், தயாரிப்பு ஆண்டையும், வாங்கிய ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும், தேதியையும் அதில் எழுதி வைப்போம். நாளை கடைப் பொறுப்பை ஏற்கும் பிள்ளைகளுக்கு வண்டிச் சாவியோடு அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.