வால்வு செய்த கையில் சரக சம்ஹிதை

அறிவியல் படித்தவர் ஆயுர்வேதத்துக்குள் போவதென்றால், படித்ததை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை என்று வாழ்ந்து காட்டியவர் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான்.

1934-இல் மாவேலிக்கரையில் பிறந்தவர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். செயற்கை இதய வால்வை வெளிநாட்டிலிருந்து வாங்க ஏழை நோயாளியால் முடியாது என்பதால் இங்கேயே செய்ய முனைந்தார். முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தப்பட்டது. சென்னையின் டிடிகே குழுமம் தயாரிக்கும் அந்த வால்வு இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. மூன்று முறை தோற்றதை ஒளிக்காமல் எழுதி வைத்த ஒழுங்கு அது. ஆயுர்வேதத்துக்குள்ளும் அந்த ஒழுங்கோடுதான் நுழைந்தார்.

1999-இல் மணிப்பால் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பிலிருந்து விலகியபோது அவருக்கு வயது 65. எதையும் சோதிக்கத் தொடங்குமுன் படிக்க உட்கார்ந்தார். சாலக்குடியில் வாழ்ந்த வைத்தியர் ராகவன் திருமுல்பாட்டைக் குருவாகக் கொண்டார். ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதையில் 120 அத்தியாயங்கள். அதையும், பின்னர் சுஸ்ருதரையும் வாக்படரையும் வரிசையாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் எழுதினார். அவை 2003, 2007, 2009-இல் வெளிவந்தன. ஒரு துறையைப் பாராட்டுவதானாலும் மறுப்பதானாலும் முதலில் அதன் சொற்களிலேயே அதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம்மில் பெரும்பாலோர் தவறவிடும் படி இதுதான் என்பேன்.

அடுத்தது கேள்வி. ‘ஆயுர்வேதம் உண்மையா?’ என்பதை எந்த ஆய்வகத்திலும் சோதிக்க முடியாது. அது அவ்வளவு பெரிய கேள்வி. வலியத்தான் அதை அளக்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கச் சொன்னார். 2006-இல் அவர் முன்வைத்த ‘ஆயுர்வேத உயிரியல்’ என்ற திட்டத்தின் சாரம் அதுதான்.

நெல்லிக்காயை எடுத்துக்கொள்வோம். நெல்லிப் பொடியை நெல்லிச் சாற்றிலேயே திரும்பத் திரும்ப ஊறவைத்து உலர்த்திச் செய்வது ஆமலகி ரசாயனம். முதுமையைத் தள்ளிப்போடும் என்பது வைத்தியர் சொல். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் எஸ்.சி. லகோட்டியாவின் குழு இதைப் பழ ஈக்களின் உணவில் கலந்து கொடுத்தது. மருந்து கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலையிலிருந்து, மரபு முறைப்படியே தயாராகி வந்தது. அதைத் தின்ற ஈக்களின் சராசரி ஆயுள் கூடியது. பட்டினியையும் கூடுதலாகத் தாங்கின. 2012-இல் முடிவு வெளியானது. ஈ வேறு, மனிதர் வேறு. இந்த முடிவைக் காட்டி மனிதரின் ஆயுள் கூடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஆனால் அடுத்த சோதனையை எங்கே தொடங்கலாம் என்பதற்கு இது நல்ல தடயம்.

இன்னொன்று, நாம் வீட்டில் சாதாரணமாகச் சொல்லும் ‘பித்த உடம்பு’. வாதம், பித்தம், கபம் என்று உடல்வாகைப் பிரிப்பதற்கு மரபணுவில் ஏதாவது தடம் உண்டா என்று ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் தேடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, உடல்வாகு தெளிவாகத் தெரிந்த 262 ஆண்களை மட்டும் மரபணு ஆய்வுக்கு எடுத்தார்கள். சர்க்கரையை உடல் கையாள்வதில் பங்குள்ள பிஜிஎம்1 என்ற மரபணு பித்த உடல்வாகோடு தொடர்பு காட்டியது. செரிமானமும் உடற்சூடும் பித்தத்தின் வேலை என்று மரபு சொல்வதை நினைத்தால் இது ஆர்வமூட்டுகிறது. எண்ணிக்கை சிறிது, பெண்கள் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

யோகத்துக்கும் இதே வழி பொருந்தும். யோகிகள் இதயத்தையே நிறுத்துவார்கள் என்ற பேச்சை வெங்கர், பாக்சி, ஆனந்த் என்ற மூவர் கருவி வைத்துச் சோதித்து 1961-இல் எழுதினார்கள். மூச்சை அடக்கி மார்பை இறுக்கியதும் நாடி மங்கியது; ஸ்டெதாஸ்கோப்பில் இதய ஒலி கேட்கவில்லை. ஈசிஜியில் மட்டும் துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது. மார்புக்குள் அழுத்தம் ஏறும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதே காரணம். இதயம் நிற்கவில்லை என்று தெரிந்தது. மூச்சை வைத்து ரத்த ஓட்டத்தை இவ்வளவு மாற்ற முடியும் என்பதும் அதே சோதனையில்தான் தெரிந்தது.

வலியத்தான் 2024 ஜூலையில் மணிப்பாலில் காலமானார். அறிவியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வர விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆய்வகத்துக்குப் போகுமுன் ஒரு நல்ல வைத்தியரிடம் ஓராண்டாவது மாணவராக உட்காருங்கள்.