புதுத் தரகர் யார் பக்கம் நிற்பது?

“அண்ணாச்சி, வாங்குறவன் பக்கம் நின்னா துட்டா, விக்கிறவன் பக்கம் நின்னா துட்டா?”

கல்யாணில் வீட்டுத் தரகுத் தொழிலில் இறங்கியிருக்கும் நெல்லைச் சீமை இளைஞர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். வயது 24. மகாராஷ்டிரத்தில் 2023-ல் கட்டாயமாக்கப்பட்ட தரகர் பரீட்சையில் தேறி, ‘மகா ரேரா’வில் பெயரும் பதிந்துவிட்டார். ஆனால் பரீட்சையில் இந்தக் கேள்வி வரவில்லையாம்!

மும்பை வட்டாரத்தில் பழைய பிளாட் கைமாறும்போது, வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் 1 முதல் 2 சதவீதம் தரகு வாங்குவது வழக்கம். புதுக் கட்டடமானால் பில்டரே கமிஷன் கொடுத்துவிடுவார். “உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை சார்” என்று ஒரு தரகர் சொன்னால் அவர் பில்டரின் ஆள் என்று தெரிந்துகொள்ளலாம்.

விற்பவர் பக்கம் நின்றால் அலைச்சல் குறைவு. சாவி கையில் இருக்கும். வருகிறவர்களுக்குத் திறந்து காட்டினால் போதும். சொசைட்டியின் ஷேர் சர்டிபிகேட் யார் பெயரில் இருக்கிறது, பராமரிப்புப் பாக்கி உண்டா, வங்கிக் கடன் தீர்ந்ததா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் புதிதாக வந்தவரை நம்பிச் சாவி கொடுப்பவர் யார்? கொடுத்தாலும் அதே வீட்டை நாலு தரகர்களிடம் சொல்லி வைத்திருப்பார்கள்.

வாங்குபவர்களோ தேடி வருவார்கள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நெருக்கடியில் காலம் தள்ளி, சேர்த்த பணத்தோடு டோம்பிவிலி, அம்பர்நாத் பக்கம் வீடு தேடும் நம்மவர்களுக்குத் தமிழ் பேசும் தரகர் கிடைத்தாலே பாதிக் கவலை தீரும். பதிவு அலுவலகம் தரும் ‘இண்டெக்ஸ் 2’ மராத்தியில் இருக்கும். படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே. சங்கடம் என்னவென்றால், ஞாயிறுதோறும் லோக்கல் ரயிலில் கூட்டிப்போய்ப் பத்து வீடு காட்டிய பிறகு, “மச்சான் பார்த்த வீட்டையே முடிச்சிட்டோம் தம்பி” என்பார்கள். டீச் செலவுகூடத் தேறாது.

சதவீதக் கணக்கில் வேறொரு வில்லங்கமும் உண்டு. 60 லட்ச ரூபாய் வீட்டை வாங்குபவருக்காகப் பேசி 58 லட்சமாகக் குறைத்தால், 1 சதவீதத் தரகில் 2,000 ரூபாய் நஷ்டம். நன்றாக உழைத்தால் கூலி குறைகிறது! ஆகவே வாங்குபவரிடம் சதவீதம் பேசாமல், இவ்வளவு என்று ஒரு தொகையை முன்கூட்டியே பேசிக்கொள்வதே நல்லது.

2019-ல் நான் டோம்பிவிலியில் வீடு வாங்கியபோது, “ஓனர் ஒரு ரூபாய்கூட இறங்க மாட்டார்” என்று சாதித்தார் தரகர். பத்திரம் பதிந்த அன்று டீக்கடையில் வீட்டுக்காரரே சொன்னார்: ஒன்றரை லட்சம் குறைக்கத் தயார் என்று தரகரிடம் சொல்லியிருந்தாராம். இருவரிடமும் தரகு வாங்கிய மனிதர், இருவருக்கும் தெரியாமல் காரியத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார். அந்தப் பணத்துக்கு நான் இன்னும் வட்டி கட்டுகிறேன்.

விற்பவருக்கும் ஆபத்து இல்லாமலில்லை. ஓய்வு பெற்று ஊருக்குப் போகும் பெரியவர்கள் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த வீட்டைத் தரகரே உறவினர் பெயரில் மலிவாக வாங்கிக்கொண்டால்? உண்மையை மறைத்து அப்படிச் செய்த பேரத்தை விற்பவர் மறுக்க, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 215-ஆம் பிரிவு இடம் தருகிறது.

“முதல் ஓராண்டு வாங்குகிறவர் பக்கமே நில்லுங்கள் தம்பி. சாவி பிறகு தானாக வரும்” என்றேன்.

“ரெண்டு பக்கமும் வாங்கினா தப்பா அண்ணாச்சி?”

“ரெண்டு பேருக்கும் சொல்லிவிட்டு வாங்கினால் தப்பில்லை.”

போன வாரம் அவருக்கு முதல் ஆள் கிடைத்துவிட்டார். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் குடும்பம். பேசிய தொகை 40,000 ரூபாய். ஆறு வீடு காட்டியாகிவிட்டது, இன்னும் அமையவில்லை.