தட்டினால் மோகனம்!

சிதம்பரத்தில் சின்னப் பையனாக இருந்தபோது பக்கத்து வீட்டு மிருதங்கத்தை ஒரே ஒரு தடவை தட்டினேன். முதுகில் விழுந்தது அடி. அதோடு சரி நம்ம சங்கீதம்!

இப்போது கடலூரில் கிளார்க் உத்தியோகம். போன மாசம் ஏழு வயசு மகனோடு பாண்டிச்சேரி தாண்டி ஆரோவில் போயிருந்தேன். 2003-ல் ஆரம்பித்த 'ஸ்வரம்' பட்டறையில், பூங்காவில் நிறுத்தி வைக்கிற வாத்தியங்களெல்லாம் செய்கிறார்கள்.

"தொடலாமாப்பா?" என்று பயந்துகொண்டே கேட்டான் பயல். சுருக்கென்றது. வீட்டில் நான் நாளைக்கு நாற்பது தடவை சொல்வது "தொடாதே!"தானே?

இந்த ரக வாத்தியங்களுக்குப் பெரும்பாலும் ஐந்தே சுரம், மோகனம் மாதிரி. எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது.

திரும்பியதும் இரும்புக்கடையில் ஜி.ஐ. பைப் வாங்கி அறுத்தேன். 100 செ.மீ. குழாய்க்கு மேல் ஸ்தாயி வேண்டுமா? பாதியாக வெட்டாதீர்கள் சார், 71 செ.மீ! (ஒரு பைப்பைப் பாழாக்கியவன் சொல்கிறேன்.) நுனியிலிருந்து 22 சதவீத நீளம் தள்ளி ஓட்டை போட்டுத் தொங்கவிட்டால் கணீர். நடுவில் கட்டினால் வெறும் டொக்!

வேப்பமரத்தில் ஐந்து குழாய் தொங்கியதும், "காலி பண்ணிடுங்க" என்று வந்து நின்றார் வீட்டுக்காரர். கெஞ்சிக் கூத்தாடியதில், சாயங்காலம் ஆறுக்கு மேல் தட்டக்கூடாது என்று ஒப்பந்தம். ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது இவன் விடுகிற தனி ஆவர்த்தனம் இருக்கிறதே... அப்பப்பா!