வேருக்குக் கீழே போகும் பசளை

வெண்காயத் தறைக்கு யூரியா போட்டு இறைத்துவிட்டால் பசளை பயிருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்பாட்டு மண்ணில் அது அரைவாசிதான் உண்மை. யூரியா சில நாட்களில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றை மண் பிடித்து வைத்திராது, தண்ணீரோடு இறங்கும். கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். அதனூடாகக் கிணற்றுக்கு வந்துவிடும்.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இது மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முதல் ஆபத்து, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கே. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க இயலாமல் உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது; வற்ற வற்றச் செறிவு கூடும். தோட்டக் கிணற்றில் குடிநீர் அள்ளும் தாய்மார் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

கிணற்றுநீரைச் சோதித்தால் நடந்து முடிந்ததுதான் தெரியும். நடந்துகொண்டிருப்பதை அறிய, வேரைச் சுற்றியுள்ள மண்ணின் நீரையே எடுக்க வேண்டும். ஆய்வாளர் பயன்படுத்துவது, நுனியில் நுண்துளையுள்ள சுட்ட களிக் குவளை பொருத்திய ஒரு குழாய். அதை மண்ணில் இறக்கி, கைப்பம்பியால் உள்ளிருக்கும் காற்றை இழுத்துவிட்டால், நீர் மெல்ல மெல்ல உள்ளே கசியும். மண் நன்றாகக் காய்ந்திருந்தால் ஒரு துளியும் வராது. குவளையைச் சுற்றி இடைவெளி இருந்தாலும் வராது; தோண்டிய மண்ணையே சேறாகக் குழைத்து ஊற்ற வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் உருவான இன்னொரு வழி எமக்கு ஏற்றது: புனலைப் புதைப்பது. ஈரம் இறங்கும்போது ஒடுங்கிய அடியில் நீர் சேரும். சிறு குழாயூடாக ஊசிக்குழலால் இழுத்தெடுக்கலாம். ஒன்றை ஒரு சாண் ஆழத்திலும் மற்றதை ஒரு முழத்திலும் வைக்கவும். கீழ்ப்புனலில் நைத்திரேற்று குறைவென்றால் பயிர் உண்கிறது. அங்கும் கூடுதலென்றால் உங்கள் காசு கிணற்றுக்குள் போகிறது; இறைப்பைக் குறைத்து, பசளையைப் பல தடவையாகப் பிரித்துப் போடவும். 1990களில் வடக்கிற்கு யூரியா வரத் தடையிருந்தது. 2021இல் நாடு முழுவதற்குமே இரசாயனப் பசளை இறக்குமதி சில மாதம் நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட பொருளை நிலத்தடியில் கரைத்துவிடுவது எமக்குக் கட்டுபடியாகுமா?

எடுத்த நீரைச் சுத்தமான போத்தலில் குளிராக வைத்து, அன்றோ மறுநாளோ சோதிக்க வேண்டும். பிந்தினால் கிருமிகள் நைத்திரேற்றை மாற்றிவிடும். நிறம் மாறும் சோதனைத் தாளே போதும். தரிசாகக் கிடந்த காணிக்குத் திரும்புவோர் முதற் போகத்துக்கு முன்பே புனலைப் புதைத்துவிடலாம். பாத்தி கட்டிய பின் தோண்டுவது வில்லங்கம்.