எச்சரிக்கை வந்த பின்னர் எங்கே செல்வது?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவுக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலையின் ஒரு பகுதி சரிந்து, அடிவாரத்திலிருந்த லயன் குடியிருப்புகளை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பலரது உடல்கள் இறுதிவரை மீட்கப்படவேயில்லை.

அந்த இடம் அபாயகரமானது என்றும் அங்கு வாழ்வோர் வெளியேற வேண்டும் என்றும் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. அறிவியல் தன் கடமையைச் செய்திருந்தது. ஆனால் வெளியேறும் மக்கள் எங்கே செல்வது என்ற கேள்விக்கு மட்டும் எவரும் விடை வைத்திருக்கவில்லை. உயிர் தப்பியோருக்கென மாற்றிடத்தில் அமைக்கப்பட்ட 75 வீடுகள் 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில்தான் கையளிக்கப்பட்டன. அதுவரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பலரும் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கியிருக்க நேர்ந்தது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது இதே கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்தது. நாடளாவிய ரீதியில் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்த அந்த அனர்த்தத்தில் கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மலையக மாவட்டங்களே மண்சரிவினால் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. எனவே அனர்த்தத்துக்கு முன்னரான ஆயத்தம் என்பது உண்மையில் என்ன என்பதை இங்கே சற்று விளக்க விரும்புகின்றோம்.

முதலில் மழையின் கணக்கை அறிந்துகொள்ள வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்புடன் இருக்குமாறு மஞ்சள் அறிவித்தலும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராகுமாறு செம்மஞ்சள் அறிவித்தலும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேறுமாறு சிவப்பு அறிவித்தலும் விடுக்கப்படுவது வழமை. 150 மில்லிமீற்றர் என்பது சொல்லளவில் சிறிதாகத் தோன்றலாம். ஓர் ஏக்கர் நிலத்தின் மீது அது ஏறத்தாழ 6 இலட்சம் லீற்றர் நீராகும். மண் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் நீர் உட்புகும்போது மண்துகள்களின் பிடிப்புத் தளர்கின்றது. அந்த நீரைச் சரிவின் குறுக்கே பிரித்தெடுத்து ஓடைக்குக் கொண்டு சேர்ப்பதற்காகவே நமது முன்னோர் தேயிலை மலைகளில் கான் வெட்டினர். பராமரிப்பின்றித் தூர்ந்துபோன கான்கள் உள்ள மலையில் நீர் ஓடுவதில்லை, ஊறுகின்றது. ஆகவே கான்களைத் துப்புரவு செய்வது தேயிலைக்கான வேலை மட்டுமல்ல, கீழே வாழும் மக்களின் உயிர்க்காப்பு வேலையுமாகும்.

அறிவித்தல்கள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகவே விடுக்கப்படுகின்றன. ஹல்துமுல்ல என்றோ பசறை என்றோ வானொலி கூறும்போது, அது தமது லயத்துக்குப் பொருந்துமா என்பதை மக்கள் தாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. மலையின் ஒரு பக்கத்தில் கொட்டும் மழை மறுபக்கத்தில் தூறலாக மட்டுமே இருக்கலாம். இங்கேதான் நமது தோட்டங்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. வெள்ளையர் காலந்தொட்டே தோட்ட அலுவலகங்களில் மழைமானி வைத்துத் தினமும் மழையளவைப் பதிவேட்டில் எழுதி வரும் வழக்கம் இருந்து வருகின்றது. கொழுந்து விளைச்சலைக் கணிக்கப் பயன்படும் அந்த எண், லயத்தில் உறங்குபவரின் உயிரைக் காக்கவும் பயன்பட வேண்டும். காலைப் பெரட்டிலும், மழை நாட்களில் மாலையிலும் அதனை அறிவிப்பதற்குப் பெரும் செலவு எதுவும் இல்லை.

மழைக் கணக்குக்கு அப்பால், நிலமே சில அறிகுறிகளைக் காட்டும். தரையிலும் சுவரிலும் புதிதாக வெடிப்புகள் தோன்றும். கதவுகளும் யன்னல்களும் திடீரெனச் சிக்கிக்கொள்ளும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். தெளிந்த ஊற்று கலங்கும், அல்லது இதுவரை நீர் வராத இடத்தில் ஊற்றெடுக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையின் நீர் சட்டெனக் குறைந்தால், மேலே எங்கோ மண் சரிந்து நீரை மறித்திருக்கின்றது என்றே கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சிவப்பு அறிவித்தலுக்காகக் காத்திருத்தல் ஆகாது. உடனே விலகிச் சென்று, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இவை அனைத்தும் தெரிந்திருந்தும் மக்கள் ஏன் வெளியேறுவதில்லை? அறியாமையே காரணம் என்று கூறுவது எளிது, ஆனால் அது நியாயமன்று. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒரு நாள் பேர் இழப்பது சிறிய விடயமல்ல. ஆடு மாடுகளையும் நகைநட்டையும் விட்டுச் செல்ல மனம் வராது. இருமுறை வெளியேறி ஒன்றும் நிகழாது திரும்பியவர், மூன்றாம் முறை தயங்குவார். செம்மஞ்சள் அறிவித்தல் வந்தவுடன் சரிவான மலைகளில் வேலையை நிறுத்தி, அன்றைய நாளுக்கு முழுப் பேர் வழங்கப் பெருந்தோட்டக் கம்பனிகள் முன்வர வேண்டும். முழுப் பேரா அரைப் பேரா என்ற தர்க்கத்தை அபாய நாளில் நடத்திக்கொண்டிருக்க முடியாது.

மொழியும் ஒரு தடை. டித்வா புயலின்போது அவசர அறிவித்தல்கள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. தமிழ் அரசகரும மொழியாக இருக்கும் நாட்டில், தோட்டத் தமிழரும் வெலிமடை, பதுளை, பண்டாரவளைப் பகுதிகளின் முஸ்லிம்களும் வெளியேறும் கட்டளையை மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்து பெறுவது ஏற்கத்தக்கதல்ல. இவ்விடயத்தில் நமது பள்ளிவாசல்களும் கோவில்களும் பெரும் பணியாற்ற முடியும். ஒலிபெருக்கி அவர்களிடம் உண்டு, மண்டபம் உண்டு, நூறு பேருக்குச் சமைக்கும் பாத்திரங்களும் உண்டு. அனர்த்தம் நிகழ்ந்த பின்னர் உணவுப் பொதிகளோடு ஓடிவரும் அந்த நல்லுள்ளங்கள், அதற்கு முன்னரே பிரதேச செயலகத்துடன் பேசித் தமது மண்டபங்களைத் தற்காலிகத் தங்குமிடங்களாகப் பதிவு செய்து வைத்தால் பயன் பன்மடங்காகும். அத்தகைய கட்டடம் தானும் அபாய வலயத்தில் இல்லை என்பதை முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம்.

வேலைத்தளத்துக்கும் வீட்டுக்கும் உரிய அபாயங்களும் இதே ஆயத்தத்தையே வேண்டி நிற்கின்றன. குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர் உயிரிழந்த செய்திகளை நாம் அடிக்கடி வெளியிட நேர்கின்றது. எந்த மலையில் கூடு இருக்கின்றது, கொட்டுப்பட்டவரை எந்த வாகனத்தில் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வது என்பவை கொழுந்து பறிக்கச் செல்லும் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் அமைந்த லயத்தில் ஒரு காம்பராவில் பற்றும் தீ முழு வரிசையையும் விழுங்கிவிடும். பழுதான மின்கம்பி ஒரு வீட்டாரின் பிரச்சினை மட்டுமல்ல, வரிசையில் உள்ள அனைவரதும் பிரச்சினையாகும்.

ஒவ்வொரு வீட்டிலும் தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதி ஆவணங்கள், வங்கிப் புத்தகம், மருந்துகள், கைவிளக்கு ஆகியவற்றைக் கொண்ட ஒரு பை நீர்புகாத உறையில் தயாராக இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழை இழந்த தோட்டப் பிள்ளைக்கு அடுத்த பல ஆண்டுகள் அலுவலக வாசல்களிலேயே கழியும் என்பதை நமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானது லயத்துக்கொரு பட்டியல். மீரியபெத்தையில் காணாமற்போனோர் எத்தனை பேர் என்பது பல நாட்கள் தெளிவாகவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் கூறப்பட்ட எண்ணிக்கை பின்னர் பெரிதும் குறைந்தது. யார் எந்தக் காம்பராவில் வாழ்கின்றனர், நடக்க முடியாத முதியவர் எங்கே, கர்ப்பிணி எங்கே, பிள்ளை மடுவத்தில் எத்தனை குழந்தைகள், அவர்களை யார் தூக்கிச் செல்வது, எந்தப் பாதையால் செல்வது, வெளியேறும் முடிவை யார் எடுப்பது ஆகிய விபரங்கள் ஒரு தாளில் அடங்கும். அதன் பிரதிகள் தோட்ட நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் தோட்டத் தலைவரிடமும் இருக்க வேண்டும்.

தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் சேவையாற்றுவதற்கு இருந்த சட்டத் தடை, 2018ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் திருத்தச் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டுவிட்டது. எனவே இது கம்பனியின் பொறுப்பு, இல்லை அரசின் பொறுப்பு என்று மாறி மாறிக் கைகாட்டுவதற்கு இனி இடமில்லை. பாதுகாப்பான காணியில் நிரந்தர வீடு என்பதே இறுதித் தீர்வு என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அதற்கான குரல் ஓயக்கூடாது. ஆனால் அந்த வீடு கிடைக்கும்வரையிலும் மழை காத்திருக்காது. ஊவாவுக்கு ஒக்டோபர் மாதத்தோடு பெருமழைக் காலம் தொடங்குகின்றது. அதற்கு முன்னர் ஒவ்வொரு லயத்திலும் அந்தத் தாள் எழுதப்பட்டு, ஒருமுறையேனும் அனைவரும் அந்தப் பாதையில் நடந்து பார்த்திருக்க வேண்டும்.